எங்கட பரம்பரையில் இல்லாத வருத்தம்



பிள்ளைக்குக் குரோன்ஸ் நோய் அல்லது அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் என்று வைத்தியர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் ஒரு விசாரணை தொடங்கும். "எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இப்பிடி ஒரு வருத்தம் இருந்ததில்லை" என்பார் அப்பம்மா. "எங்கட பக்கத்திலயும் இல்லை. இது இந்த நாட்டுச் சாப்பாடு செய்த வேலை" என்பார் அம்மம்மா. தாய் ஒன்றும் பேசமாட்டார். ஆனால் மனதுக்குள், "சின்னனில காது வருத்தத்துக்கு அத்தனை தரம் அன்ரிபயோற்றிக் குடுத்தனே, அதுதானோ?" என்று ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று பேர் சொல்வதிலும் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. ஆனால் எந்த ஒன்றும் தனியே முழுக் காரணம் இல்லை. இதை எங்களுக்குக் காட்டித் தந்ததில் பெரும் பங்கு ஆய்வுகூட எலிகளுடையது. அந்த எலிகளில் சில நாங்கள் ரெயினில் போய்வரும் தூரத்தில், பேர்ணிலும் சூரிச்சிலும்தான் வளர்க்கப்படுகின்றன. இந்த முறை அந்தக் கதையைப் பார்ப்போம். அதற்குள் எங்கட பிள்ளைகளின் கதையும் இருக்கிறது.

முதலில், இது என்ன வருத்தம்?

"காஸ்ற்றிக்" என்றும் "வயித்துப்புண்" என்றும் எங்கட வீடுகளில் சொல்கிற வருத்தம் இதுவல்ல. உடலின் நோய் எதிர்ப்புப் படை, குடலுக்குள்ளேயே சண்டையைத் தொடங்கி, அதை நிறுத்தத் தெரியாமல் தொடர்வதுதான் இது. பெருங்குடலின் உட்தோலில் மட்டும் நடந்தால் அல்சரேற்றிவ் கொலைற்றிஸ். வாயிலிருந்து மலவாசல் வரை எங்கும், குடற்சுவரின் ஆழம் வரைக்கும் போகக்கூடியது குரோன்ஸ். இரண்டுமே பெரும்பாலும் இளவயதில் தலைகாட்டும். அதனால் இது உங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் உரிய விஷயம்.

இப்போது இரண்டு எண்களைப் பாருங்கள். 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சுவிஸின் வோ மாநிலத்தில் ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ 206 பேருக்கு இந்த இரண்டில் ஒன்று இருப்பதாகக் கணக்கிட்டது. இலங்கையின் கொழும்பு, கம்பகா மாவட்டங்களில் வைத்தியசாலைகளை வைத்து எடுத்து 2010 இல் வெளிவந்த கணக்கில், ஒரு இலட்சம் பேரில் ஆறேழு பேர்தான். வைத்தியசாலைக்கு வராதவர்கள் இந்த எண்ணுக்குள் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் இடைவெளி பெரியது. ஆகவே அப்பம்மா பொய் சொல்லவில்லை. அவருடைய ஊரில், அவருடைய காலத்தில், இந்த வருத்தத்தைக் கண்டவர்கள் மிகக் குறைவு.

ஆனால் இடம் மாறினால் கணக்கும் மாறுகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் குடியேறியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2015 இல் வெளிவந்தது. தெற்காசியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு இந்த வருத்தம் குறைவு. அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கோ, மற்றக் கனடியப் பிள்ளைகளுக்கு உள்ள அதே அளவு ஆபத்து. வெளியிலிருந்து வந்தவர்களிலும், சின்ன வயதில் வந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறாது. அப்படியென்றால் மாறியது என்ன?

கிருமி இல்லாத எலி

1993 இல் ஜேர்மனியின் கேர்ண் நகரத்து விஞ்ஞானிகள் ஓர் எலியை உருவாக்கினார்கள். அதன் உடலில் "இன்ரலூக்கின் 10" என்ற ஒரேயொரு பொருளை உண்டாக்கும் மரபணுவை எடுத்துவிட்டார்கள். எதிர்ப்புப் படைக்கு "போதும், நிப்பாட்டு" என்று சொல்லும் பிரேக் போன்றது அந்தப் பொருள். பிரேக் இல்லாத அந்த எலிகளுக்கு நாட்பட்ட குடல் அழற்சி வந்தது.

அப்போ மரபணுதான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் அதே வகை எலிகளை ஒரு கிருமிகூட இல்லாத சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். மூடிய பிளாஸ்ரிக் கூடாரம், வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய சாப்பாடு. மரபணுக் குறை அப்படியே இருந்தது. ஆனால் வருத்தம் வரவில்லை. குடலுக்குள் சாதாரண பற்றீரியாக்களை விட்டதும் வந்தது. மனிதரின் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவைச் சுமந்த வேறொரு வகை எலியிலும் இதே முடிவுதான் கிடைத்தது.

இதிலிருந்து கிடைத்த பாடம் பெரியது. பிரேக் பழுதாகவும் இருக்க வேண்டும், சண்டை போட ஓர் ஆளும் இருக்க வேண்டும். அந்த ஆள் வெளியிலிருந்து வந்த கொடிய கிருமியாக இருக்கவேண்டியதில்லை. எங்கள் எல்லோருடைய குடலிலும் குடியிருக்கிற, சாப்பாட்டைச் செரிக்க உதவுகிற அதே பற்றீரியாக்கள் போதும்.

மனிதரிலும் இது பொருந்துகிறது. குரோன்ஸ், கொலைற்றிஸ் இரண்டோடும் தொடர்புள்ள இடங்கள் எங்கள் மரபணுத் தொகுதியில் இருநூறுக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் சிறு தள்ளல்தான் கொடுக்கும். ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்குக் குரோன்ஸ் இருந்தால்கூட, மற்றவருக்கு வராமல் போவதே பல ஆய்வுகளில் கூடுதலாக இருந்தது. ஐரோப்பியரில் 2001 இல் கண்டுபிடிக்கப்பட்ட "நொட் 2" என்ற மரபணு மாற்றங்கள் குரோன்ஸுக்கு முக்கியமானவை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2008 இல் இந்திய நோயாளிகளில் தேடியபோது அவை இருக்கவில்லை. அதனால் "எந்தப் பக்கத்து இரத்தம்?" என்ற விசாரணையை வீட்டில் இன்றே மூடிவிடலாம். விடை இரண்டு பக்கத்திலும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிறந்து சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சி வந்த குழந்தைகளை ஜேர்மனியின் ஹனோவர் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அந்த எலியில் செய்த அதே பிரேக் வேலை செய்யாதிருப்பதைக் கண்டார்கள். இன்ரலூக்கின் 10 ஐப் பிடிக்கிற ஏற்பிக்கான மரபணுவில் பழுது. 2009 இல் அதை வெளியிட்டார்கள். ஒரு குழந்தைக்கு வேறொருவரின் எலும்பு மச்சைக் கலங்களைக் கொடுத்து நோயையும் அடக்கினார்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் எலியைக் கவனித்திராவிட்டால், அந்தக் குழந்தையில் எதைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது. மிகச் சின்ன வயதில் வந்தால் மரபணுப் பரிசோதனை ஏன் கேட்கிறார்கள் என்பதற்கும் இதுதான் காரணம்.

பேர்ண் எலிகள் தாய்மாருக்குச் சொல்வது

பேர்ண் பல்கலைக்கழகத்தில் கிருமியற்ற எலிகளுக்கென்றே ஒரு நிலையம் உண்டு. பேராசிரியர் அன்ட்ரூ மக்பேர்சன் குழு 2016 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தது. கிருமியற்ற கர்ப்பிணி எலிகளுக்கு ஒரு விசேட பற்றீரியாவைக் கொடுத்தார்கள். அது குடலில் பெருகாது, சில நாளில் தானாக மறைந்துவிடும். குட்டி பிறக்கும்போது தாய் மறுபடியும் கிருமியற்றவள். குட்டிக்கு ஒரு பற்றீரியாகூடப் போகவில்லை. ஆனாலும் அந்தக் குட்டிகளின் குடலில் எதிர்ப்புக் கலங்கள் கூடுதலாக வளர்ந்திருந்தன. தாயின் குடலில் பற்றீரியா விட்டுச்சென்ற பொருள்கள், தாயின் இரத்தத்தில் உள்ள பிறபொருளெதிரிகளோடு சேர்ந்து, கருவிலும் பாலிலும் குட்டியிடம் போயிருந்தன.

இதைப் படித்துவிட்டு, "அப்ப நான் கர்ப்பமா இருக்கேக்க என்ன பிழை விட்டன்?" என்று தேடத் தொடங்க வேண்டாம். இந்த ஆய்வு யாரையும் குற்றம் சொல்லவில்லை. குடலின் எதிர்ப்புச் சக்தி பிறப்புக்கு முன்னரே பயிற்சி பெறத் தொடங்குகிறது என்பதைத்தான் சொல்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணி, முற்றத்து மண், ஆடு மாடு, ஒரே வீட்டில் பத்துப் பேர் என்று வளர்ந்த பாட்டியின் குடலும், சூரிச்சில் நாலாம் மாடியில் வளர்ந்த பேத்தியின் குடலும் ஒரே பயிற்சி பெறவில்லை. அது ஒரு தாயின் பிழை அல்ல. ஒரு குடும்பம் நாடு மாறியதன் பக்கவிளைவு.

அன்ரிபயோற்றிக் விஷயமும் இப்படித்தான். சின்ன வயதில் அதிகம் எடுத்த பிள்ளைகளில் இந்த வருத்தம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கூடவே நடப்பதெல்லாம் காரணம் ஆகாது. தேவைப்படும்போது கொடுத்த மருந்து உயிர் காத்திருக்கும். வைரஸ் தடிமனுக்கு வைத்தியரிடம் "அன்ரிபயோற்றிக் எழுதித் தாங்கோ" என்று வற்புறுத்தாமல் இருந்தால் போதும்.

சுவரில் ஓட்டை விழுந்தால்

பற்றீரியாக்களுக்கும் எங்கள் உடலுக்கும் நடுவே இருப்பது ஒரேயொரு கல அடுக்குச் சுவரும், அதற்கு மேல் பூசிய வழுவழுப்பான சளிப் படையும்தான். ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படும் முறை, 1990 இல் யப்பானியர் விவரித்தது: டி.எஸ்.எஸ். என்ற பொருளை எலியின் குடிதண்ணீரில் கலக்கிறார்கள். அது அந்தச் சுவரைச் சிதைக்கிறது. சில நாட்களில் இரத்தத்தோடு வயிற்றோட்டம் தொடங்கும்.

இந்த முறையை வைத்துச் சூரிச் பல்கலைக்கழக வைத்தியசாலையில் பேராசிரியர் கேர்கார்ட் றோக்லர் குழு ஒரு கேள்வி கேட்டது. இனிப்பு, சூயிங்கம், கேக் மேற்பூச்சு ஆகியவற்றுக்கு வெள்ளை நிறம் கொடுக்க டைட்டானியம் டையொக்சைட் (ஈ 171) என்ற தூளைச் சேர்ப்பார்கள். சுவர் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அந்தத் தூள் என்ன செய்யும்? 2017 இல் வந்த விடை: எலிகளின் அழற்சி மோசமாகியது. கொலைற்றிஸ் தீவிரமாக இருந்த மனித நோயாளிகளின் இரத்தத்திலும் டைட்டானியம் கூடுதலாக இருந்தது.

அதன் பிறகு, 2022 மார்ச் 15 முதல் சுவிஸில் உணவில் இந்தத் தூளுக்குத் தடை வந்தது. கடைகளுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் வரை அவகாசம். தடைக்கு நேரடிக் காரணம் குடல் அழற்சி அல்ல. அது மரபணுப் பொருளைச் சேதப்படுத்தாது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2021 இல் சொன்னதுதான். மாத்திரைகளிலும் பற்பசையிலும் அது இன்னும் இருக்கலாம்.

ஐஸ்கிரீம், சோஸ் போன்றவற்றைப் பிரியாமல் பிடித்து வைக்கும் ஈ 466, ஈ 433 என்ற பொருள்களிலும் இதேபோன்ற கதை உண்டு. 2015 இல் அமெரிக்காவில் எலிகளுக்குக் கொடுத்தபோது, சளிப் படை மெலிந்து பற்றீரியாக்கள் சுவரை நெருங்கின. பிரேக் இல்லாத எலிகளில் அழற்சி கூடியது. கிருமியற்ற எலிகளில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அதே பாடம்: தனியே எதுவும் போதாது. அம்மம்மா சொன்ன "இந்த நாட்டுச் சாப்பாடு" இங்கேதான் வருகிறது. ஆனால் ஒரு பிறந்தநாள் கேக்கால் பிள்ளைக்கு வருத்தம் வந்துவிடாது.

நாடு மாறிய குரங்கு

எலி மட்டுமல்ல. தென்னமெரிக்காவின் கொலம்பியாக் காட்டில் தலையில் பஞ்சுபோல் வெள்ளை முடியுள்ள, அணிலளவுக் குரங்கு ஒன்று உண்டு. கொட்டன் ரொப் ரமாரின் என்று பெயர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கூடுகளில் வளர்த்தபோது அவற்றில் பலவற்றுக்குக் கொலைற்றிஸ் வந்தது. காட்டில் வாழ்ந்தவற்றை 1990களில் சோதித்தபோது அந்த வருத்தம் காணப்படவில்லை. இனம் ஒன்று, மரபணு ஒன்று, இடம் மட்டும் வேறு. எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் குரங்குகளில் சோதித்த ஒரு வழி, எதிர்ப்புக் கலங்கள் இரத்தத்திலிருந்து குடலுக்குள் நுழையும் வாசலை அடைப்பது. அதே வழியில் வந்த வெடோலிசுமாப் என்ற மருந்து 2014 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இன்று பல நோயாளிகள் அதை எடுத்துக்கொண்டு வேலைக்கும் பள்ளிக்கும் போய்வருகிறார்கள்.

ஆனால் எலி மனிசன் இல்லை

"எலியில் குணமாகிவிட்டது" என்று வட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பும் முன் இரண்டு கதைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்ரலூக்கின் 10 இல்லாத எலிக்கு வருத்தம் வந்தது என்பதால் அதையே மருந்தாகக் குரோன்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000 இல் வந்த முடிவுகள் ஏமாற்றம்தான். அழற்சியைத் தூண்டும் இன்ரலூக்கின் 17 ஐ அடைத்தால் சுகம் வரும் என்று இன்னொரு மருந்தைச் சோதித்தார்கள். 2012 இல் வந்த முடிவில், மருந்து எடுத்தவர்களின் நிலை எடுக்காதவர்களைவிட மோசமாகியிருந்தது.

எங்கட மஞ்சளுக்கும் இது பொருந்தும். மஞ்சளில் உள்ள குர்குமின் எலிகளில் அழற்சியைக் குறைத்தது. மனிதரிலும், 2015 இல் வந்த ஒரு சிறு ஆய்வில், வழக்கமான மருந்தோடு சேர்த்து நாளுக்கு 3 கிராம் குர்குமின் எடுத்த கொலைற்றிஸ் நோயாளிகளுக்குப் பலன் தெரிந்தது. ஆனால் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் உண்டு. 3 கிராமுக்கு ஒவ்வொரு நாளும் 100 கிராம் மஞ்சள் சாப்பிட வேண்டும்! குளிசையாக எடுத்தவர்களில் ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கறியில் தாராளமாகப் போடுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சளை நம்ப வேண்டாம்.

எலிகளுக்கு நோ கொடுப்பது சரியா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். பிள்ளையாரின் வாகனம் அல்லவா! சுவிஸில் ஆண்டுக்கு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் ஆய்வுகளில் பயன்படுகின்றன, பெரும்பாலானவை எலிகள். ஒவ்வொரு ஆய்வுக்கும் மாநில அனுமதி வேண்டும். வேதனையின் அளவை 0 முதல் 3 வரை தரம் பிரிக்கிறார்கள். 2022 பெப்ரவரி 13 இல் முழுத் தடைக்கான வாக்கெடுப்பில் ஏறத்தாழ 79 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். எலிக்குப் பதிலாக, நோயாளியின் சிறு திசுவிலிருந்து கிண்ணத்தில் குட்டிக் குடல் வளர்த்து ஆராயும் முறையும் வளர்ந்து வருகிறது. வாக்குரிமை உள்ள வீடுகளில் இதைச் சாப்பாட்டு மேசையில் பேசலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

எங்கட ஆக்களில் நான் அதிகம் கவலைப்படுவது தாமதத்தைப் பற்றித்தான். "பரம்பரையில இல்லை" என்ற ஒரு வசனம், பிள்ளையை மாதக்கணக்கில் ஓமத் தண்ணியிலும் மாதுளங்கோதிலும் வைத்திருக்கும். ஊருக்குப் போய்வந்த பிறகு தொடங்கினால் "அங்கத்தைய தண்ணி" என்று இன்னும் சில மாதம் போகும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை வைத்தியரிடம் போங்கள்:

- மலத்தில் இரத்தம், ஒரு தரம் என்றாலும்
- நாலு கிழமைக்கு மேல் வயிற்றோட்டம் அல்லது வயிற்று வலி
- இரவில் நித்திரையிலிருந்து எழும்பி ரொய்லெற்றுக்கு ஓடுவது
- நிறை குறைவது, உயரம் கூடாமல் நிற்பது, பருவமடைதல் பிந்துவது
- மலவாசலைச் சுற்றிப் புண், கட்டி
- காரணம் தெரியாத காய்ச்சல், இரத்தச்சோகை, வாய்ப்புண், மூட்டு வலி

உயரம் கூடாததை "எங்கட ஆக்கள் கட்டைதானே" என்று தட்டிக்கழிக்க வேண்டாம். வைத்தியரின் வளர்ச்சிக் கோட்டில் பிள்ளை முன்னர் எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

"கல்ப்ரொரெக்ரின்" என்ற மலப் பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள். அழற்சி உள்ள குடலுக்குள் வெள்ளை இரத்தக் கலங்கள் விட்டுச்செல்லும் ஒரு புரதத்தை அது அளக்கிறது. ஊசி தேவையில்லை. பரீட்சைப் பயத்தால் வரும் வயிற்றுக் குழப்பத்தையும் உண்மையான அழற்சியையும் பிரித்தறிய உதவும். குழந்தைகளில் இந்த அளவு இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதால் முடிவை வைத்தியரே பார்க்க வேண்டும்.

இலங்கை, இந்தியப் பயணங்களையும், குடும்பத்தில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குடலில் வரும் காசநோய் குரோன்ஸ் போலவே தோன்றும். குரோன்ஸுக்குக் கொடுக்கும் சில ஊசிமருந்துகள், உடலில் தூங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியவை.

குரோன்ஸ் உள்ள பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை வரை சோறும் பாணும் நிறுத்தி, விசேட பானம் மட்டும் கொடுக்கும் முறை முதல் சிகிச்சைகளில் ஒன்று. அப்பம்மாவுக்கு இது பட்டினி போடுவதுபோல் தெரியும். அது பட்டினி அல்ல, பிள்ளைக்குத் தேவையான சத்தெல்லாம் அதில் இருக்கிறது, அதுதான் இப்போது மருந்து என்று முதலே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்து ஒரு வடை கொடுக்கமாட்டார்!

சுவிஸில் 2006 முதல் இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஒரு தேசிய ஆய்வு நடக்கிறது. பெரியவர்களும் பிள்ளைகளும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். உங்களைக் கேட்டால் யோசித்துப் பார்த்துச் சேருங்கள். எங்கள் குடும்பங்கள் அந்தக் கணக்கில் இருந்தால்தான், நாடு மாறியவர்களின் குடலில் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு எலியிலும் குரங்கிலும் மட்டுமல்ல, எங்களிலும் விடை தேட முடியும்.

அடுத்த இதழில் சந்திப்போம். அதற்கு முன் பிள்ளையிடம் ஒரு தரம் தனியே கேளுங்கள்: "வெளிக்குப் போகேக்க ஏதும் கஷ்டம் இருக்கோ?" பதின்ம வயதுப் பிள்ளைகள் இதைத் தாமாகச் சொல்வது குறைவு.